மலிவு விலை சீன ஸ்கிரேம்பளர் வாங்கலாமா? முதலில் கெரான், பிறகு கார்பரேட்டர்

பாகான் செராய் - செம்பனைக் காட்டுச் செம்மண் பாதை, நெல் வயல் வரப்பு, 1906-இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் தாலி ஆயர் கரை, கனரக லோரிகள் ஓடும் முதலாம் எண் கூட்டரசு சாலை. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் கடக்க வேண்டியவர்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். தாத்தா காலத்தில் அதற்குச் சைக்கிள் போதுமாக இருந்தது. அப்பா காலத்தில் ஹோண்டா சி70 வந்தது, அதன் பிறகு இஎக்ஸ்5 வந்தது. இப்போது பிள்ளைகள் கேட்பது ஸ்கிரேம்பளர்.

ஜப்பானிய நிறுவனத்தின் ஸ்கிரேம்பளர் விலையைக் கேட்டால் தோட்டத்துக் குடும்பத்துக்குத் தலை சுற்றும். அதில் ஒரு பகுதி விலைக்கே அதே உயரம், அதே டயர், அதே தோற்றத்துடன் சீனத் தயாரிப்பு கிடைக்கிறது. உடனே இரண்டு விதமான பேச்சு எழும். "சீனா சாமான், ஆறு மாதம்கூடத் தாங்காது" என்பது ஒன்று. "எல்லாம் ஒரே எஞ்சின்தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

விலை குறைவதற்கு முக்கியக் காரணம், தொழிற்சாலை முடிக்க வேண்டிய கடைசிக்கட்ட வேலை வாங்குபவர் தலையில் விழுவதுதான். போல்ட்டுகளை இறுக்குவது, எண்ணெய் மாற்றுவது, வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது, கார்பரேட்டரைச் சீர்செய்வது எல்லாம் அதில் அடங்கும். அந்த வேலையைச் செய்பவருக்கு நல்ல மோட்டார் கிடைக்கிறது. செய்யாதவர் அடுத்த மழைக்காலத்தில் அதை வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிறார். சாலையில் ஓடவே அனுமதியில்லாத மோட்டாரை, விலையை மட்டும் பார்த்து வாங்கி வந்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. அது எஞ்சின் கோளாற்றைவிடப் பெரிய சிக்கல்.

இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது?

சீன மோட்டார் சைக்கிள் தொழிலின் தலைநகரம் சோங்சிங். லிஃபான், சோங்ஷென், லோன்சின் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் அந்த நகரைச் சேர்ந்தவை. லிஃபானும் சோங்ஷெனும் 1992-இல் தொடங்கப்பட்டவை.

மலிவு விலை ஸ்கிரேம்பளர்களில் பெரும்பாலும் காணப்படும் எஞ்சின் இரண்டு வகை. இரண்டுக்கும் மூலம் ஹோண்டாதான். முதல் வகையில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும். ஹோண்டா 1976-இல் வெளியிட்ட சிஜி125 எஞ்சினைப் பின்பற்றியது இது. வளரும் நாடுகளில் அளவுக்கு மீறிய சுமை ஏற்றி, எண்ணெயும் சரியாக மாற்றாமல் மோட்டாரை எப்படி வதைக்கிறார்கள் என்று பார்த்தறிந்து ஹோண்டா அதை வடிவமைத்தது. கேம் செயினுக்குப் பதிலாக புஷ்ராட் கம்பிகளே வால்வுகளைத் திறக்கும். அதிவேகம் வராது, ஆனால் அடி தாங்கும்.

இரண்டாவது வகையில் சிலிண்டர் முன்பக்கம் படுத்திருக்கும். 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் குடும்பத்தின் வழித்தோன்றல் இது. சிறிய சக்கரம் கொண்ட பிட் பைக்குகளில் இதுதான் இருக்கும். சி70-ஐயும் இஎக்ஸ்5-ஐயும் பிரித்துக் கோத்துப் பழகிய தோட்டத்துப் போர்மெனுக்கு இந்த எஞ்சினைத் திறந்தால் எதுவும் புதிதாக இருக்காது.

சீனத் தயாரிப்பு எல்லாமே ஒரே தரம் என்று நினைப்பதும் தவறு. 2023 டாக்கார் பந்தயத்தில் கோவே என்ற சீன நிறுவனம் மூன்று மோட்டார்களை இறக்கியது, மூன்றும் பந்தயத்தை முடித்தன. ஆனால் அந்த விலைக்கும் இங்கே பேசப்படும் மோட்டாரின் விலைக்கும் வெகு தூரம்.

மலிவின் விலை எப்போது தெரிய வரும் என்பதற்கு வியட்னாம் நல்ல உதாரணம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் சீன மோட்டார்கள் அங்கே வெள்ளம்போல் வந்து குவிந்தன. ஹோண்டாவின் விலையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஓரிரு ஆண்டுகளில் பாகங்கள் தேய்ந்தன, பெயர் கெட்டது. 2002-இல் ஹோண்டா விலை குறைந்த வேவ் ஆல்ஃபாவை இறக்கியதும் வாடிக்கையாளர்கள் திரும்பிவிட்டார்கள். வாங்கும் நாளில் எல்லா மோட்டாரும் பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டாம் ஆண்டில் உதிரிபாகம் கிடைக்குமா என்பதே கேள்வி.

கெரான் இல்லாத மோட்டார்

விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கெரான் இருக்கிறதா?" என்பதுதான்.

சந்தையில் விற்கும் சீன ஸ்கிரேம்பளர்களில் இரண்டு பிரிவு உண்டு. ஒரு பிரிவு சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) அங்கீகாரத்துடன், பதிவு எண்ணுடன் விற்கப்படுவது. கூச்சிங்கைத் தளமாகக் கொண்ட டெமாக் நிறுவனத்தின் டிடிஎம் ரக ஸ்கிரேம்பளர் இதற்கு உதாரணம். மற்றொரு பிரிவு பந்தயத் திடலுக்கும் காட்டுப் பாதைக்கும் மட்டும் என்று விற்கப்படுவது. அதற்குப் பதிவு எண் கிடையாது. பல பிட் பைக்குகளில் முகப்பு விளக்கு, சிக்னல், ஹார்ன்கூட இருக்காது.

"இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், கெரான் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். ஒரு ரக வாகனம் சாலைக்கு ஏற்றதா என்ற அங்கீகாரம் இறக்குமதியாளர் அல்லது தயாரிப்பாளர் மட்டத்தில் பெறப்படுவது. வாங்கியவர் தனி ஆளாக முகப்பு விளக்கையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு போய் வாங்கிவரக்கூடியதல்ல அது.

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் நான்கு பிரிவுகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 7-ஆவது பிரிவு வாகனப் பதிவைப் பற்றியது. 15-ஆவது பிரிவு ரோட்டெக்ஸ் எனப்படும் வாகன உரிமத்தைப் பற்றியது. 26-ஆவது பிரிவு ஓட்டுநர் உரிமத்தைப் பற்றியது. 90-ஆவது பிரிவு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைப் பற்றியது. பதிவு இல்லாத மோட்டாருக்குக் காப்புறுதி எடுக்க முடியாது, காப்புறுதி இல்லாமல் ரோட்டெக்ஸ் எடுக்க முடியாது. முதல் கண்ணி இல்லையென்றால் சங்கிலியே இல்லை.

சம்மன் வந்தால் கட்டிவிடலாம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பயப்பட வேண்டியது சம்மனுக்கு மட்டுமல்ல. காப்புறுதி இல்லாத மோட்டார் ஒருவரை மோதி அவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், இழப்பீட்டுக் கோரிக்கை ஓட்டியவர் மீது நேரடியாக வரும். மோட்டாரைக் கொடுத்தவரும் வழக்கில் இழுக்கப்படலாம். வாழ்நாள் சேமிப்பில் தாமானில் வீடு வாங்கிய குடும்பம், பிள்ளையின் ஒரு மாலை நேர ஓட்டத்தால் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டிவரும்.

பிள்ளையின் வயதும் முக்கியம். 250 சிசி வரையிலான மோட்டாரை ஓட்ட பி2 உரிமம் வேண்டும், அதற்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் ஓட்டுவது எப்படிக் குற்றமோ, அவரை ஓட்ட அனுமதிப்பதும் அப்படியே குற்றம் என்கிறது 26-ஆவது பிரிவு. 13 வயதுப் பையன் கடைக்குப் போய்வர சாவியை எடுத்துக் கொடுக்கும் அப்பாவையும் அது சேர்த்தே குறிக்கிறது.

பழைய மோட்டார் வாங்குவதாக இருந்தால், சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கெரானில் உள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வகை மோட்டார்களில் எஞ்சினையே மாற்றிப் பொருத்துவது சகஜம். எண் ஒத்துவராவிட்டால் மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேண்டாம். உரிமை மாற்றம் முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

எஞ்சின் எண்ணில் ஒளிந்திருக்கும் ஜாதகம்

சீன எஞ்சினின் மேல் பொறித்திருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் உதிரிபாகத் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும். உதாரணமாக 162 எஃப்எம்ஜே என்று இருந்தால், முதல் 1 என்பது ஒற்றைச் சிலிண்டர். 62 என்பது சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றில் குளிரும் எஞ்சின். எம் என்றால் மோட்டார் சைக்கிளுக்கானது. கடைசி எழுத்து கொள்ளளவு வகுப்பு. ஐ என்றால் 125 சிசி, ஜே என்றால் 150, எல் என்றால் 200, எம் என்றால் 250.

163 எஃப்எம்எல் என்பது 200 வகுப்பு. 167 எஃப்எம்எம் என்பது 250 வகுப்பு என்று விற்கப்பட்டாலும் அதன் உண்மையான கொள்ளளவு பெரும்பாலும் 229 சிசி. எண்ணுக்கு நடுவே பி என்ற எழுத்து வந்தால், அதாவது 1பி52 எஃப்எம்எச் என்பதுபோல இருந்தால், அது படுத்த சிலிண்டர் எஞ்சின்.

மோட்டாரின் பிராண்டு பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கடையே மூடப்படும். எஞ்சின் குறியீடு மாறாது. உதிரிபாகம் கேட்கும்போது பிராண்டைச் சொல்வதைவிட இந்தக் குறியீட்டைச் சொன்னால் வேலை எளிது. சக்கர பேரிங்கும் அப்படித்தான். அதன் விளிம்பில் 6202 என்று இருந்தால், உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, தடிமன் 11 மில்லிமீட்டர். அந்த எண்ணில் எந்த நாட்டு பேரிங் வாங்கினாலும் அளவு ஒன்றுதான். மோட்டாரோடு வந்த மலிவு பேரிங்கைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் ரப்பர் மூடியிட்ட நல்ல பேரிங்கைப் போடுவது குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய நன்மை. எஞ்சின் பாகங்களில் மட்டும், குறியீடு ஒன்றாக இருந்தாலும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குவதே பாதுகாப்பு.

ஓட்டுவதற்கு முன் ஒரு நாள்

புது மோட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே செம்பனைக் காட்டுக்குள் விரட்டத் தோன்றும். அந்த ஆசையை ஒரு நாள் தள்ளிப்போட வேண்டும்.

முன் சக்கரம் தொடங்கி பின் விளக்கு வரை ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹேண்டல், பிரேக், எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள், பின்பக்க ஸ்ப்ரோக்கெட் போல்ட்டுகள் ஆகியவை முக்கியம். அதிர்வில் கழன்றுவிடும் இடங்களில் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். கைக்குப் பலம் இருக்கிறதென்று அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியப் புரி கிழிந்துவிடும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு சக்கரக் கம்பிகளையும் சரிபார்க்க வேண்டும். தளர்ந்த கம்பியோடு குழியில் இறங்கினால் ரிம் கோணிவிடும்.

தொழிற்சாலையில் ஊற்றிய எஞ்சின் எண்ணெயை நம்ப வேண்டாம். முதல் 200, 300 கிலோமீட்டருக்குள் அதை வடித்துவிடுங்கள். புது எஞ்சினில் தேயும் நுண்ணிய உலோகத் துகள்கள் அதோடு வெளியேறும். புதிதாக ஊற்றும் எண்ணெய் டின்னில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சின்களில் கிளச் எண்ணெய்க்குள்ளேயே சுழல்கிறது. காருக்கான வழுக்கும் எண்ணெயை ஊற்றினால் கிளச் வழுக்க ஆரம்பிக்கும். எண்ணெயின் அளவு பெரும்பாலும் ஒரு லிட்டர் சுற்றளவில்தான். அவ்வளவு குறைவான எண்ணெய் என்பதால் அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது வால்வு இடைவெளி. எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, காலை வேளையில் பார்க்க வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் அது 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கையேட்டில் போட்டிருக்கும் எண்ணே கடைசி வார்த்தை. சாதாரண எழுதுதாளின் தடிமனே சுமார் 0.1 மில்லிமீட்டர் என்றால், எவ்வளவு நுண்ணிய அளவு என்பது புரியும். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். லேசான 'டிக் டிக்' சத்தம் இருக்கலாம். இடைவெளி அறவே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, சூட்டில் கருகும், காலையில் உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும்.

டியூனிங் என்றால் என்ன?

டியூனிங் என்றதும் எக்சோஸ்ட் மாற்றுவதுதான் பல இளைஞர்களுக்கு நினைவுக்கு வருகிறது. உண்மையில் டியூனிங் என்பது காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலக்கும்படி செய்வது. காற்று கூடினால் எஞ்சின் சூடேறும், திடீரென்று வேகம் கொடுத்தால் திணறும், வேகத்தைக் குறைக்கும்போது 'பட் பட்' என்று வெடிக்கும். பெட்ரோல் கூடினால் கரும்புகை வரும், பிளக் கறுக்கும், எண்ணெய்ச் செலவு கூடும்.

புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பல சீன மோட்டார்கள் காற்று சற்றுக் கூடுதலாகவே வருகின்றன. நம் வெயிலில், செம்பனைக் காட்டில், முதல் இரண்டாம் கியரிலேயே மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் மோட்டாருக்கு இது ஆகாது. கார்பரேட்டரில் மூன்று பாகங்கள் மூன்று நிலைகளைக் கவனித்துக்கொள்கின்றன. கைப்பிடியைத் திருகாத நிலையிலிருந்து கால்வாசி வரை பைலட் ஜெட். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை ஊசி. அதற்குமேல் மெயின் ஜெட். எந்த நிலையில் திணறுகிறதோ அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். இந்த வேலைக்கு ஒரு காசும் செலவில்லை.

கலவைத் திருகில் பலர் குழம்புவது உண்டு. திருகு காற்று வடிகட்டியின் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் காற்று கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், இளம்பழுப்பாக இருந்தால் சரி. நிமிர்ந்த சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் என்ஜிகே டி8இஏ வகை பிளக் பொருந்தும்.

பாகான் செராய் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே உள்ள ஊர். இங்கே சரியாக வைத்த கார்பரேட்டர், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் காற்று மெலிவதால் கரும்புகை கக்கலாம். அது கோளாறு அல்ல. பெட்ரோலைப் பொறுத்தவரை, இந்த எஞ்சின்களுக்கு ரோன் 95 போதும். ரோன் 97 ஊற்றினால் வேகம் கூடும் என்பது வெறும் நம்பிக்கை.

எக்சோஸ்ட்டைத் திறந்துவிட்டால் காற்று இன்னும் கூடி எஞ்சின் இன்னும் சூடேறும். ஜெட்டை மாற்றாமல் எக்சோஸ்ட்டை மட்டும் மாற்றுவது, வேகத்தைக் கூட்டுவதாக நினைத்துப் பிஸ்டனைத் தீய்ப்பதில் முடியலாம். சத்தத்துக்குச் சம்மனும் உண்டு, இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் அண்டை வீட்டாரின் சாபமும் உண்டு.

வேகம் வேண்டாம், இழுவைதான் வேண்டும் என்றால் எஞ்சினைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஸ்ப்ரோக்கெட் போதும். முன்னால் 17 பல், பின்னால் 45 பல் இருக்கும் மோட்டாருக்குப் பின்னால் 50 பல் போட்டால் இழுவை சுமார் 11 விழுக்காடு கூடும், உச்ச வேகம் அதற்கேற்பக் குறையும். முன்னால் ஒரு பல் குறைப்பது ஏறக்குறைய பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். சேற்றில் பழக்குலை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு 150 சிசி எஞ்சினே இப்படிப் போதுமானதாகிவிடும்.

சேறும் தண்ணீரும்

கடற்கரைப் பக்கம் கோலா குலா நோக்கிப் போனால் களிமண், செமாங்கோல் குன்றுப் பக்கம் போனால் செம்மண். இரண்டுமே காற்று வடிகட்டிக்கு எதிரி. ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்து, அதற்கான எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்ட வேண்டும். காய்ந்த ஸ்பாஞ்ச் தூசியைத் தடுக்காது.

தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு எண்ணெயைப் பாருங்கள். தே தாரிக் நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். அதற்குமேல் ஓட்டாமல் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். கழுவும்போது அழுத்தக் குழாயைச் சக்கர நடுவிலும் செயினிலும் காட்டக்கூடாது, பேரிங்குக்குள் தண்ணீர் ஏறிவிடும்.

பெரிய பற்கள் கொண்ட டயர் சேற்றில் பிடிக்கும், ஈரத் தார்ச்சாலையில் வழுக்கும். காட்டுப் பாதையிலிருந்து கூட்டரசு சாலைக்கு ஏறும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்தானது. பல்லிடுக்கில் சேறு ஒட்டியிருக்கும், பிரேக் நனைந்திருக்கும், எதிரே லோரி வரும். சாலையில் ஏறியதும் சற்று மெதுவாகச் சென்று பிரேக்கை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். சிரிம் முத்திரையுள்ள ஹெல்மெட் காட்டுக்குள்ளும் தலையில் இருக்க வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்

கடைக்காரரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

கெரான் உண்டா? யார் பெயரில் வரும்?

எஞ்சின் குறியீடு என்ன? கெரானில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா?

கிளச் தட்டு, பிரேக் பேட், சிடிஐ, கார்பரேட்டர் ஆகியவை கடையில் இப்போதே இருக்கின்றனவா?

ஓட்டப்போகிறவருக்கு பி2 உரிமம் இருக்கிறதா? மூன்றாம் தரப்புக் காப்புறுதி எந்தத் தேதியில் தொடங்கும்?

முதல் எண்ணெய் மாற்றத்துக்கும் வால்வு பார்ப்பதற்கும் ஒரு பகல் ஒதுக்க முடியுமா?

பதில்களை ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பிளக் எண், பேரிங் எண், செயின் அளவு, ஸ்ப்ரோக்கெட் பற்கள், எண்ணெய் மாற்றிய தேதி ஆகியவற்றையும் அதிலேயே குறித்து வாருங்கள். பிறகு மோட்டாரை விற்க நேர்ந்தாலும், வாங்க வருபவரிடம் கெரானோடு சேர்த்து அந்த நோட்டையும் காட்டலாம்.